பத்து வெள்ளி சேர்த்த ஒற்றுமை

ஆலய ஆண்டு மலர்களில் ஒற்றுமையைப் பற்றிய கட்டுரை ஒன்றாவது இடம்பெறாத மலரைக் காண்பது அரிது. இவ்வாண்டு மலர்க் குழுவினர் அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதாலும், ஆலய நிர்வாகக் குழுவில் சில காலமாகக் கணக்கும் கடிதமும் எழுதி வருபவன் என்பதாலும் மறுக்க இயலவில்லை. ஆனால் 'ஒன்றுபட வேண்டும்' என்று மீண்டும் ஒருமுறை எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. அது வேண்டாம் என்று சொல்வார் எவரும் இல்லை. பிரிந்து கிடந்த மக்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள், எதைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தார்கள் என்பதை நம் நாட்டு வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்க முயல்கிறேன்.

பள்ளியில் விறகுக் கட்டுக் கதையைச் சொல்லாத ஆண்டே கிடையாது. தனிக் குச்சி ஒடியும், கட்டு ஒடியாது. ஒருமுறை மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "அந்தக் கயிறு எங்கேயிருந்து வந்தது சார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. குச்சிகள் தாமாகக் கட்டாவதில்லை. கட்டுவதற்கு ஒன்று வேண்டும்; அதை யாரோ கொண்டுவர வேண்டும்.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தபோது பிரிவினையும் உடன் வந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தோட்ட நிர்வாக முறையில் இருந்தது. இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கக் கங்காணிகளை ஊருக்கு அனுப்பினார்கள். கங்காணி தம் ஊருக்குத்தான் போவார். தம் உறவிலும் சாதியிலும்தான் பெரும்பாலும் ஆள் திரட்டுவார். அழைத்து வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குப் பணம் கிடைத்தது. அத்துடன் நாள்தோறும் எத்தனை பேர் பிரட்டுக்கு வந்து நின்றார்களோ அத்தனைக்கும் தலைக்காசு கிடைத்தது. ஆகவே ஒரு கங்காணியின் ஆட்கள் மற்றொரு கங்காணியின் ஆட்களோடு கலந்துவிடாமல் இருப்பது அவருக்கு இலாபம். ஊரில் இருந்த தெருப் பிரிவு இங்கே லயப் பிரிவாக மாறியது. அதற்கு மேல் மலையாளிகள் தனி, தெலுங்கர்கள் தனி, கிராணிகள் வேறு உலகம். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை உதவித் திட்டங்களின் கீழ் அனுப்புவதைத் தடை செய்ததோடு அந்த ஆள்சேர்ப்பு முறை முடிந்தது. லயத்துப் பிரிவுகள் முடியவில்லை.

இந்தப் பிரிவுகளைத் தாண்டித் தோட்ட மக்கள் எழுந்த தருணங்கள் உண்டு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் அவற்றுள் முக்கியமானது. ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் எனக் கோரிக்கைகள் பல. அவற்றில் ஒன்றைப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது: துரையும் கிராணியும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது. சம்பளத்தோடு சைக்கிளும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

போருக்குப் பின் பல பெயர்களில் இயங்கிய தோட்டத் தொழிற்சங்கங்கள் 1954இல் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதை நெடுங்காலம் வழிநடத்திய பி.பி. நாராயணன் மலையாளி, உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மையோர் தமிழர். இது ஒரு குறையாக எண்ணப்படவில்லை என்பதே அக்காலத்தில் ஒரு முன்னேற்றம்தான்.

எனினும் தொழிற்சங்கத்தால் தடுக்க முடியாத ஓர் ஆபத்து அதே பத்தாண்டில் வந்தது. அதுதான் தோட்டத் துண்டாடல். இன்றைய இளைஞர்கள் பலர் இச்சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை ஒருசேர வாங்கப் பலரால் முடியாது. எனவே சில வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கி, சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துச் சில்லறையாக விற்றார்கள். மளிகைக் கடைக்காரர் மூட்டையில் வாங்கிக் கட்டியில் விற்பதுபோல. மூட்டைக்குள் இருந்தது அரிசியாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இங்கே மூட்டைக்குள் இருந்தது ஒரு குடியிருப்பு.

பெரிய தோட்டமாக இருந்தவரை வீடு, தண்ணீர், மருந்தகம், ஆயாக் கொட்டகை, பள்ளி ஆகியவற்றுக்கு ஒரு நிர்வாகம் பொறுப்பாக இருந்தது. சம்பளத்துக்குச் சங்க ஒப்பந்தம் இருந்தது. துண்டாகிப் போனதும் பத்து ஏக்கர்க்காரர், இருபது ஏக்கர்க்காரர் என்று முதலாளிகள் பலராயினர். எவருக்கும் முழுப் பொறுப்பு இல்லை. தம் துண்டுக்கு வேண்டிய இரண்டு மூன்று பேரைக் குத்தகைக்காரர் மூலம் அமர்த்திக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு வேலையில்லை, வேலையில்லையென்றால் வீடும் இல்லை. பிள்ளைகள் போய்விட்டால் பள்ளிக்கூடத்தில் யார் இருப்பார்? மாரியம்மன் கோயில் எந்தத் துண்டில் அகப்பட்டதோ அந்தத் துண்டை வாங்கியவரின் மனத்தைப் பொறுத்தது அதன் கதி. இந்நிலையை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து, 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது.

தொழிற்சங்கம் ஏன் தடுக்கவில்லை என்று சிலர் இன்றும் கேட்பார்கள். சங்கம் என்பது முதலாளியோடு பேரம் பேசும் கருவி. முதலாளியே விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டால் யாரோடு பேசுவது? வேலைநிறுத்தம் செய்யலாம், மரம் யாருக்குச் சொந்தம் என்பது அதனால் மாறாது. அப்போது எஞ்சியிருந்த வழி ஒன்றுதான். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்குவது.

இதைக் கேட்டவர்கள் நகைத்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. பால்மரம் வெட்டுகிறவன் தோட்டம் வாங்குவதா? அன்று ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வீ.தி. சம்பந்தன் அவர்கள் அந்த நகைப்பைப் பொருட்படுத்தவில்லை. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. ஒரு பங்கு 100 வெள்ளி. அதை ஒரே தடவையில் கட்ட எந்தத் தொழிலாளியாலும் இயலாது என்பதால் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்று ஏற்பாடு. துன் அவர்களும் அவருடைய துணைவியார் தோ புவான் உமா அவர்களும் தோட்டந்தோட்டமாகச் சென்று மக்களைச் சந்தித்தார்கள். முதன்முதலாக வாங்கப்பட்டது கெடா மாநிலத்தில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். பிறகு வேறு மாநிலங்களிலும் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

பத்து வெள்ளி என்பது இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சரியாகப் போகிறது. அன்று அது ஒரு தொழிலாளியின் மூன்று நான்கு நாள் உழைப்பு. எங்கள் வீட்டில் அப்பா சந்தா கட்டத் தொடங்கியபோது அம்மா எளிதில் ஒப்பவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். "யாரோ எங்கேயோ தோட்டம் வாங்க நம்ம பிள்ளைங்க வாயைக் கட்டணுமா?" என்பது அவருடைய கேள்வி. அதில் தவறேதும் காண முடியாது. அம்மாவைப் போல் ஆயிரமாயிரம் தாய்மார்கள் அன்று கேட்டிருப்பார்கள்.

அம்மாவின் அந்தக் கேள்விக்குள்ளேதான் நான் சொல்ல வரும் செய்தி இருக்கிறது. ஜொகூரில் இருந்த தொழிலாளி கட்டிய பணத்தில் கெடாவில் ஒரு தோட்டம் காப்பாற்றப்படும். அந்தத் தோட்டத்தை அவர் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. அங்கே இருப்பவர் எந்த ஊர், எந்தக் கங்காணியோடு வந்தவர், என்ன மொழி பேசுகிறவர் என்பதும் அவருக்குத் தெரியாது. இருந்தும் கட்டினார். மேடையில் கைகோத்து நிற்பதைவிட இது எவ்வளவு கடினமானது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அது எப்படிச் சாத்தியமாயிற்று? தலைவரின் சொல்வன்மை ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சொல்வன்மை அடுத்த மாதச் சம்பள நாள் வரை நிலைப்பதில்லை. கூட்டுறவு என்ற அமைப்பே பாதி வேலையைச் செய்தது என்பது என் கருத்து.

கூட்டுறவின் வரலாற்றை எழுதுபவர்கள் இங்கிலாந்தில் 1844இல் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை திறந்ததிலிருந்து தொடங்குவார்கள். அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளில் ஒன்று, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது. கம்பெனியில் பத்துப் பங்கு வைத்திருப்பவருக்குப் பத்து வாக்கு. கூட்டுறவில் ஒரு பங்குக்காரருக்கும் ஒரு வாக்கு. நூறு பங்குக்காரருக்கும் ஒரு வாக்கு. மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இல் வந்தபோது இந்தக் கொள்கையும் உடன் வந்தது. லயத்தில் கடைசி வீட்டில் இருப்பவரும் மண்டோரும் கூட்டத்தில் கை தூக்கினால் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. ஊரில் கிடைக்காத ஒன்று, கோயில் திருவிழாவில்கூடச் சிலருக்குக் கிடைக்காத ஒன்று, அந்தக் கூட்டத்தில் கிடைத்தது.

தொகை ஒன்றாக இருந்ததும் முக்கியம். நம் ஆலயங்களில் நன்கொடை பெறும் முறையை நினைத்துப் பாருங்கள். பெரிய தொகை தந்தவர் பெயர் சலவைக்கல்லில். சிறிய தொகை தந்தவர் பெயர் ரசீதில். குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர் தம் பெயரையும் தந்தை பெயரையும் விளக்கின் மேலேயே எழுதி வைத்து வெளிச்சத்தை மறைத்த கதை பழைய கதைதான். ஆயினும் எங்கள் மண்டபத்தில் அந்த விளக்கு இன்றும் இருக்கிறது. தருவதில் ஏற்றத்தாழ்வு இருந்தால் பேசுவதிலும் ஏற்றத்தாழ்வு வந்துவிடுகிறது. எல்லாரும் பத்து என்றால், யாரும் யாரையும் வாயடைக்க முடியாது.

மூன்றாவது காரணம், மாதாமாதம் என்பது. ஒரே நாளில் உணர்ச்சிவசப்பட்டு நூறு வெள்ளி கொடுத்தவர் மறுநாள் மறந்துவிடுவார். பத்துப் பத்தாகக் கட்டுகிறவர் ஒவ்வொரு மாதமும் ஒருமுறை அந்த நோக்கத்தை நினைத்தாக வேண்டும். கட்டியவர் கணக்குக் கேட்பார். கணக்குக் கேட்பவர் கூட்டத்துக்கு வருவார். அங்கே தமக்குப் பிடிக்காதவரின் பக்கத்து நாற்காலியில் உட்கார நேரும்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். துண்டாடப்பட்ட நிலம் அனைத்தையும் ஒரு சங்கத்தால் வாங்கிவிட முடியவில்லை. பின்னாளில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரங்களுக்கு அருகே இருந்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. மக்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். கூட்டுறவுக் கூட்டங்களிலும் சச்சரவு இல்லாமல் போகவில்லை. துன் சம்பந்தன் 1979இல் மறைந்தார். அவர் மறைந்த பின்பும் அந்தச் சங்கம் தொடர்ந்து இயங்கி வருகிறது. ஒரு தனிமனிதரின் செல்வாக்கை மட்டும் நம்பி எழுந்ததாக இருந்தால் அவரோடு அது முடிந்திருக்கும்.

இனி நம் ஆலயத்துச் செய்திக்கு வருகிறேன். இது பலருக்குத் தெரிந்ததுதான். மலரில் பதிவாகட்டும் என்று எழுதுகிறேன்.

நம் கோயில் தோட்டத்துக் கோயிலாக இருந்து தாமான் கோயிலாக மாறியது. தோட்டம் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனபோது கோயில் நிலமும் கூடவே போயிற்று. 2010ஆம் ஆண்டளவில் நம்மிடையே இரு தரப்பு இருந்தது. பழைய தோட்டத்துக் குடும்பங்கள், "எங்கள் பாட்டன் கட்டிய கோயில்" என்றனர். தாமானில் குடியேறியவர்கள், "இன்று விளக்கேற்றுவது நாங்கள்" என்றனர். இரண்டும் உண்மை. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு இதற்கு அடியில் இருந்தது. அதற்கும் அடியில் என்ன இருந்தது என்பதை மலரில் எழுத வேண்டியதில்லை, அனைவரும் அறிவர். நிலம் கேட்டு இரு தரப்பும் அந்த நிறுவனத்துக்குத் தனித்தனிக் கடிதம் எழுதினார்கள். அங்கிருந்த அதிகாரி மிகுந்த மரியாதையோடு, "முதலில் உங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள்" என்றார். அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை. நான்கு ஆண்டுகள் ஓடின. அந்த நான்கு ஆண்டுகளில் கோயிலின் இரண்டு பக்கமும் கடைவீடுகள் எழும்பிவிட்டன.

2014ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முதல் மரியாதை பற்றிய வாக்குவாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. பின்வரிசையில் இருந்த, அந்தத் தோட்டத்திலேயே பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் எழுந்து, "இந்த நிலம் இப்போ யாரு பேருல இருக்கு தம்பி?" என்று என்னைக் கேட்டார். நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்றேன். "அப்போ மரியாதையை அவங்கதான் வாங்கிக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மண்டபத்தில் நீண்ட நேரம் பேச்சில்லை.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் நிலநிதிச் சங்கத்தின் கதையை நான் எடுத்துச் சொன்னேன். நில நிதி என்றொரு தனிக் கணக்கு தொடங்க முடிவாயிற்று. குடும்பத்துக்கு மாதம் பத்து வெள்ளி; அதற்கு மேல் யார் கொடுத்தாலும் அந்தக் கணக்கில் வாங்குவதில்லை. வசதியுள்ள ஒருவர் ஐயாயிரம் தருவதாக முன்வந்தபோது பொருளாளர் பத்து வெள்ளிக்கு ரசீது எழுதி, மீதியை அன்னதானக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். அவர் சற்றே மனம் வருந்தினார்; ஆனால் மறுமாதமும் பத்து வெள்ளியோடு வந்தார். காசோலையில் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் கையெழுத்து. இரண்டும் இல்லாமல் ஒரு காசு வெளியே போகாது. கட்டியோர் பெயர்கள் அகரவரிசையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. தொகை எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் ஒன்றே. முதல் மாதம் நாற்பது குடும்பங்கள்கூடச் சேரவில்லை. பலகையில் தம் பெயர் இல்லையே என்று பார்த்துவிட்டுச் சேர்ந்தவர்களும் உண்டு. எந்த வழியாக வந்தால் என்ன.

நிறுவனத்துக்குப் போன அடுத்த கடிதம் ஒன்றே ஒன்று. இரு தரப்பாரின் கையெழுத்தோடு, பத்து வெள்ளி கட்டிய அத்தனை குடும்பங்களின் பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தது. இம்முறை, "உங்களுக்குள் பேசி முடியுங்கள்" என்ற பதில் வரவில்லை. பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குப் பின் கோயில் இருக்கும் இடத்தையும் அதையொட்டிய சிறு பகுதியையும் வழிபாட்டுக்கென ஒதுக்க இணக்கம் தெரிவித்து எழுத்துப்பூர்வமான கடிதம் வந்தது. நிலப்பட்டா இன்னும் நம் கைக்கு வரவில்லை. நில அலுவலகத்தில் விண்ணப்பம் இருக்கிறது. அது முடியும்வரை நாம் நிம்மதியாக உறங்க முடியாது.

முதல் மரியாதை வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆண்டுக்கு ஒரு குடும்பம் என்று சுழற்சி முறை கொண்டுவந்தோம். யார் பெயர் முதலில் என்பதில் மறுபடியும் வாக்குவாதம். அன்னதானத்தின்போது இரு தரப்பாரும் இன்னும் இரு பக்கமாகத்தான் அமர்கிறார்கள். இதைக் கண்டு வருந்துவோர், என்ன ஒற்றுமை கண்டீர்கள் என்று என்னைக் கேட்பதுண்டு. ஒரே பக்கமாக உட்காருவதற்கு முன்பே ஒரே கடிதத்தில் கையெழுத்திட முடிந்ததே என்பதுதான் நான் அவர்களுக்குத் தரும் பதில். மனம் ஒன்றுபடும்வரை காத்திருந்தால் நிலம் காத்திருக்காது.

நில நிதியின் ரசீதுப் புத்தகம் வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசைக்குப் பின் அலுவலக மேசையில் இருக்கும். இவ்வாண்டுக் கணக்கறிக்கை இம்மலரின் பிற்பகுதியில் அச்சிடப்பட்டுள்ளது. நில அலுவலகத்துக்கு அனுப்பவிருக்கும் மூன்றாவது நினைவூட்டல் கடிதத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். அதில் இன்னும் கையெழுத்திடாதவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் வந்து கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.